ரோஸ் தண்ணி

வடித்த கஞ்சி ரோஸாக இருந்தது. கண்ணை உறுத்துகிற ரோஸ் இல்லை. வெள்ளை வேட்டியைச் சாயம்போகிற பாவாடையோடு சேர்த்து ஊறவைத்தால் ஓரத்தில் ஏறுமே, அந்த அளவுதான். பிரபா முதலில் அரிசியைச் சந்தேகப்பட்டாள். ரேஷன் அரிசியில் எதையோ கலந்துவிட்டான்கள் என்று திட்டிக்கொண்டே கஞ்சிச் சட்டியை வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தாள். பிள்ளை பெற்று ஒரு மாதம்கூட ஆகவில்லை. அடுப்படிக்குப் போகாதே என்று அம்மா சொன்னால் கேட்கிற ஜாதி இல்லை அவள்.

வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த அவள் அம்மா விருத்தாம்பாள் சட்டியைப் பார்த்தாள். பிறகு தன் விரல்களைப் பார்த்தாள். அவள் நகக்கண்களில் அதே நிறம் இருந்தது. சோப்புப் போட்டாலும் சீயக்காய் போட்டாலும் போகாத நிறம். சோற்றுப் பானையைத் தூக்கிக்கொண்டு போய் அப்படியே சாக்கடையில் கவிழ்த்தாள். ஒரு பருக்கை தரையில் விழுந்தால்கூட எடுத்து வாயில் போட்டுக்கொள்கிறவள்.

"எம்மா, உனக்கென்ன புத்தி கெட்டுப்போச்சா? மத்தியானத்துக்கு எதைத் திங்கிறது?"

"பன்னு வாங்கியாந்து வச்சிட்டுப் போறேன். கொழந்தைக்கு நேத்து இந்தத் தண்ணியா ஊத்துன?"

"பின்ன வேற எந்தத் தண்ணி இருக்குது நம்ம வூட்டுல?"

விருத்தாம்பாள் உள்ளே போனாள். தொட்டிலைத் திறந்து குழந்தையின் முதுகை, தொடை இடுக்கை, காது மடலின் பின்பக்கத்தை எல்லாம் புரட்டிப் பார்த்தாள். ஒன்றும் இல்லை. பன் வாங்கி வைத்துவிட்டு வேலைக்குப் போனாள்.

எங்கள் தெரு விருத்தாசலம் பீங்கான் தொழிற்பேட்டையின் பின்சுவரை ஒட்டி இருக்கிறது. எங்கள் ஊர்ப் பீங்கான் என்றதும் வெளியூர்க்காரர்களுக்கு பொம்மையும் அகல்விளக்கும்தான் நினைவுக்கு வரும். எங்கள் தெருப் பெண்களுக்குப் பீங்கான் என்றால் ஃப்யூஸ் கேரியர். உங்கள் வீட்டு மீட்டர் பெட்டிக்குள் வெள்ளையாக ஒன்று செருகியிருக்கும், அதுதான். அதைக் கிளேஸ் என்கிற பூச்சுக் குழம்பில் முக்கி எடுத்து, அடிப்பக்கத்தை ஈர ஸ்பாஞ்சால் துடைத்துச் சூளைக்கு அனுப்புகிறவர்கள் விருத்தாம்பாளைப் போன்றவர்கள். அடியைத் துடைக்காவிட்டால் சூளையில் கிளேஸ் உருகி, சாமான் தட்டோடு ஒட்டிக்கொள்ளும்.

மண்ணும் வெள்ளை, மேலே பூசுகிற கிளேஸும் வெள்ளை. எது முக்கியது, எது முக்காதது என்று கண்ணுக்குத் தெரியாது. அதனால் கிளேஸில் கொஞ்சம் ரோஸ் பொடி கலப்பார்கள். முக்கினால் ரோஸாகத் தெரியும். சூளைக்குள் போனதும் அந்த நிறம் எரிந்துபோய், பால் மாதிரி வெள்ளையாக வெளியே வரும். நெருப்பில் எரிகிற பொடி தண்ணீரில் எரியாது. இதை எங்கள் தெருவில் யாரும் யோசித்துப் பார்க்கவேண்டிய அவசியம் அதுவரைக்கும் வரவில்லை.

விருத்தாம்பாள் வேலை செய்வது அர்ச்சுனன் கம்பெனியில். அதற்கு ஏதோ சாமி பேர் உண்டு. யாரும் அந்தப் பேரைச் சொல்வதில்லை, முதலாளி பேரைத்தான் சொல்வோம். தண்ணீர் விஷயத்தில் இந்தக் கம்பெனிக்குப் பெரிய மரியாதை. மில்லில் அரைத்த மண்குழம்பைப் பிரஸ்ஸில் வைத்துப் பிழிவார்கள். மண் வட்டவட்டமாகக் கேக்கு மாதிரி நிற்கும், அதற்குக் கேக்கு என்றே பேர். பிழிந்த தண்ணீர் பால்போல ஓடும். முன்பெல்லாம் அது சாக்கடையில் போய்க்கொண்டிருந்தது. அர்ச்சுனன் வரிசையாகத் தொட்டி கட்டி, அதைத் தெளியவைத்து, மறுபடி மில்லுக்கே ஏற்றினார். அடியில் தங்கிய மண்ணையும் வழித்து மில்லில் போட்டார். இதைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. மணிமுத்தாற்றில் மணல்கூட மிச்சமில்லாத ஊரில் அது நல்ல காரியம்தான். செய்ததோடு நின்றிருக்கலாம். கேட்டில் பச்சை நிறத்தில் ஒரு பலகை மாட்டினார். வட்டமாகச் சுற்றுகிற அம்புக்குறி படம். அதன் கீழே, 'ஒரு சொட்டும் வெளியே போகாது.' பேப்பரில் படம் வந்தது. வேறு ஊர் முதலாளிகள் கார் கட்டிக்கொண்டு வந்து பார்த்தார்கள்.

ஷிஃப்ட் முடிந்ததும் பெண்கள் போர்வெல் குழாயடியில் கை, கால், தலை என்று மண் போகக் கழுவிக்கொண்டு வீட்டுக்கு வருவது வழக்கம். அந்த மண்தூசி நெஞ்சுக்குள் போனால் என்ன ஆகும் என்பதற்கு ஒவ்வொரு வீட்டிலும் ஒரு ஆள் இருமிக்கொண்டிருக்கிறார். பலகை வந்த பிறகு குழாயை மூடிவிட்டார்கள். தெளிந்த தொட்டித் தண்ணீரில்தான் கழுவ வேண்டும், கழுவிய தண்ணீரும் தொட்டிக்கே போகும் என்றார்கள். "நம்ம மேலுல ஒட்டுன மண்ணக்கூட வூட்டுக்கு எடுத்துக்கிட்டுப் போவ வுட மாட்டான். அதையும் அரைச்சி ஃப்யூஸ் கேரியர் பண்ணிப்புடுவான்" என்று விருத்தாம்பாள் சொல்லிச் சிரிப்பாள். எல்லாரும் சிரிப்பார்கள். அப்போது அது சிரிக்கிற விஷயமாக இருந்தது.

கிளேஸ் கழுவுகிற தண்ணீரை மட்டும் மில்லுக்குத் திருப்ப முடியாது. கிளேஸ் மண்ணோடு கலந்தால் சாமான் சூளையில் நிற்காது, உட்கார்ந்துவிடும். அதற்குத் தனித் தொட்டி, தனிக் குழாய், ஒரு வால்வு. அந்தத் தண்ணீர் பின்சுவருக்கு அப்பால் வைத்திருக்கிற வேப்பங்கன்றுகளுக்குப் போகிறது என்றார்கள். தொட்டிகளைக் கழுவி முடித்ததும் வால்வைத் திறந்துவிடுவது விருத்தாம்பாள் வேலை. வால்வுச் சாவி அவள் இடுப்பில், வீட்டுச் சாவியோடு ஒரே வளையத்தில் தொங்கும். கம்பெனியில் சாவி வைத்திருக்கிற ஒரே பெண் அவள்தான். அதில் அவளுக்குப் பெருமைகூட இருந்தது.

கஞ்சி கொட்டிய அன்று சாயங்காலமும் வால்வைத் திறந்தாள். திறந்துவிட்டு வீட்டுக்கு வராமல் குழாயோடு நடந்தாள். சுவரைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனாள். உடைந்த சாமான்களைக் கொட்டி வைத்திருக்கிற குவியல், அதைத் தாண்டி வரிசையாக வேப்பங்கன்றுகள். ஒன்றில்கூட இலை இல்லை. கத்திரி வெயிலில் காய்ந்து விறகுக் குச்சியாக நின்றன. குழாய் கன்றுகளின் பக்கமே போகவில்லை. சாக்கு போட்டு மூடியிருந்த ஒரு பழைய போர்க் குழிக்குள் இறங்கியது. தண்ணீர் வற்றிப்போய் எப்போதோ கைவிட்ட போர். சாக்கைத் தூக்கிக் காதை வைத்தாள். உள்ளே எங்கோ ஆழத்தில் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது.

அங்கிருந்து பார்த்தால் எங்கள் தெருக் குழாய்க்குத் தண்ணீர் தருகிற மினி டேங்க் தெரியும். கூப்பிடு தூரம்தான். அதற்கும் ஒரு போர். அதுவும் பூமிக்குள்தான் போகிறது.

ராத்திரி முழுக்க அவள் தூங்கவில்லை என்று பிரபா பிறகு சொன்னாள். ஒரே வார்த்தையைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னாளாம். "என் கையால."

காலையில் சூப்பர்வைசர் பிரவீன்குமாரிடம் கேட்டாள். நல்லூர்க்காரன், டிப்ளமோ, பார்த்தால் பாவமாகத் தெரிவான். அது நவீன பாசனம் அக்கா, தண்ணி தரைக்கு அடியில வேருக்குப் போவுது என்று சொன்னான். சாக்கைத் தூக்கிப் பார்த்தேன், தரைக்கு அடியில் எந்த வேருக்கடா ஊற்றுகிறாய், கன்றெல்லாம் அடுப்பு வைக்கிற பதத்தில் நிற்கிறதே என்று அவள் கேட்டதும் ஆபீஸ் பக்கம் போனான். அரைமணியில் அர்ச்சுனன் கூப்பிட்டுவிட்டார்.

அர்ச்சுனன் கத்துகிற ஆள் இல்லை. உட்காரச் சொல்லி, டீ வரவழைத்தார். பேத்தி எப்படி இருக்கிறாள், என்ன பேர் வைத்திருக்கிறீர்கள் என்று விசாரித்தார். அதற்கப்புறம்தான் விஷயத்துக்கு வந்தார்.

"இத்தன நாளா வால்வத் தொறந்தது யாரு விருத்தாம்பா?"

"நான்தாங்க. தோட்டத்துக்குப் போவுதுன்னு நீங்க..."

"நான் சொன்னதுக்குச் சாட்சி இருக்குதா? சாவி யாரு இடுப்புல இருக்குது? நாளைக்கு ஒருத்தன் வந்து கேட்டான்னா கை வச்சது யாருன்னுதான் கேப்பான். நான் உன்னக் காப்பாத்தணும்னு பாக்குறேன். நீ என்னடான்னா சாக்கத் தூக்கி எட்டிப் பாத்துக்கிட்டுத் திரியிற."

"எங்க தெருத் தண்ணி ரோஸா வருதுங்க. சோறு வடிச்சா கஞ்சியில தெரியிது."

அவர் சிரித்தார். "எவனாவது பஞ்சுமிட்டாய்க்காரன் குண்டானக் கழுவி ஊத்தியிருப்பான். சோத்துல தெரியிது, கஞ்சியில தெரியிதுன்னு சொல்லாத. கண்ணுக்குத் தெரியிற மாதிரி கொண்டா, பாப்போம். டீயக் குடி, ஆறிடும்."

அவள் டீயைக் குடிக்கவில்லை. அந்த டீயையும் எந்தத் தண்ணியில போட்டானோ என்று நினைத்தாளாம்.

எங்கள் தெருவில் முதல் டிகிரி என்னுடையது. ஆகவே மனு எழுதுகிற வேலை எனக்கு. தண்ணீர் வராவிட்டாலும், லைட் எரியாவிட்டாலும், கிழவர்களுக்குப் பென்ஷன் நின்றாலும் என் வீட்டுக்குத்தான் வருவார்கள். விருத்தாம்பாள் சொல்லச் சொல்ல எழுதினேன். தெருவே கையெழுத்துப் போட்டது. தாலுகா ஆபீஸில் கொடுத்துவிட்டு வந்தோம். ஒரு நாள் இரண்டு பேர் பாட்டிலோடு வந்து மினி டேங்கில் தண்ணீர் பிடித்துக்கொண்டு போனார்கள். அவர்கள் வரப்போகிறார்கள் என்று மனுக் கொடுத்த எங்களுக்குத் தெரியாது. அர்ச்சுனனுக்குத் தெரிந்திருந்தது. அதற்கு முந்திய வாரம் முழுக்கக் கிளேஸ் செக்‌ஷனுக்கு லீவு. தண்ணீர் குடிக்க உகந்தது என்று பதில் வந்தது. நிறம் பற்றி ஒரு வார்த்தை இல்லை. படித்தவர்கள் பொய் சொல்ல மாட்டார்கள் என்று நினைத்துக்கொண்டுதான் எங்கள் அப்பா என்னைப் படிக்கவைத்தார். அந்தப் பேப்பரை அவருக்குப் படித்துக்காட்டும்போது எனக்கு வாய் கூசியது.

கிளேஸ் செக்‌ஷன் திறந்ததும் தெருவில் மறுபடி நிறம் வந்தது. எதிர் வீட்டுச் சாதிகா கேன் தண்ணீரில் கைகால் கழுவித் தொழுகைக்கு ஒளு செய்ய ஆரம்பித்தாள். மங்கலம்பேட்டையில் பிறந்து இங்கே வாக்கப்பட்டவள். புருஷன் ஷபியுல்லா குவைத்தில். மினி டேங்க் மோட்டார் சுவிட்சு அவள் வீட்டுச் சுவரில்தான் இருக்கிறது. அதைப் போடுவதும் நிறுத்துவதும் அவள். நிறம் மாறிய தண்ணீரில் ஒளு கூடாது, தொழுகைக்கு ஆகாத தண்ணிய புள்ளைக்கு எப்படிக் குடுப்பேன் என்று கேட்டாள். கேன் வாங்க முடிந்த வீடுகள் வாங்கின. முடியாத வீடுகள் அதையே குடித்தன.

விருத்தாம்பாள் வீட்டில் சண்டை. அவள் புருஷன் சக்கரபாணி அதே கம்பெனியில் மில் ஓட்டி, நெஞ்சில் தூசி இறங்கி, இப்போது அதே கம்பெனி கேட்டில் வாட்ச்மேன். உட்கார்ந்து பார்க்கிற வேலையை முதலாளி பெரிய மனசு பண்ணிக் கொடுத்தார் என்று நம்புகிறவர். வாயை வைத்துக்கொண்டு சும்மா இரு, இரண்டு பேர் வேலையும் போனால் எங்கே போவோம் என்றார். பேசும்போதே இருமல் வந்துவிட்டது. விருத்தாம்பாள் சொம்பில் தண்ணீர் மொண்டு கொடுக்கப் போனாள். பாதியில் நின்று, சொம்பைக் கீழே வைத்தாள். இருமுகிற புருஷனுக்குக் கொடுக்க வீட்டில் தண்ணீர் இல்லை என்பது அப்போதுதான் அவருக்கே உறைத்தது.

அதற்கு மேல் பேசியது பிரபா. அவள் மாமியார் வீடு பெண்ணாடம். பிள்ளை பெற வந்தவள் மூன்று மாதம் அம்மா வீட்டில் இருப்பதுதான் முறை. அவள் பையில் துணிகளை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"நான் போறேம்மா. அவரு வந்து கூட்டிக்கிட்டுப் போறேன்னு சொல்லிட்டாரு."

"மூணு மாசம்கூட ஆவல. உன் மாமியா என்னா சொல்லும்?"

"பெத்த பொண்ணுக்குத் தண்ணிகூடக் குடுக்க முடியாதவன்னு சொல்லும். சொல்லட்டும். கொழந்தைக்கு எதுனா ஆச்சின்னா அப்பவும் என்னையத்தான் சொல்லும்."

விருத்தாம்பாள் பையைப் பிடுங்கி அலமாரிக்கு மேலே வைத்தாள். "ஒரு வாரம் இரு. அதுக்குள்ள நான் எதையாவது பண்ணலன்னா நானே பஸ்ஸு ஏத்தி வுடுறேன்."

எதைப் பண்ணுவது என்று அப்போது அவளுக்கே தெரியாது. கண்ணுக்குத் தெரியிற மாதிரி கொண்டா என்று அர்ச்சுனன் சொன்னது மட்டும் காதில் குடைந்துகொண்டிருந்தது. மறுநாள் கிளேஸ் கலக்கும்போது ரோஸ் பொடி டின்னை எடுத்தாள். ஒரு தொட்டிக்கு ஸ்பூன் முனையில் எடுத்துப் போட்டால் போதும். டின் நிறைய இருந்தது. மூடியைப் பார்த்துக்கொண்டே வெகுநேரம் நின்றாள். சாயங்காலம் நேராகச் சாதிகா வீட்டுக்கு வந்தாள். நானும் அங்கே இருந்தேன்.

விஷயத்தைச் சொன்னதும் சாதிகா பயந்துவிட்டாள். "அக்கா, நாம குடிக்கிற தண்ணியில நாமளே கலக்குறதா?"

"நாம எங்க கலக்குறோம்? அவன் தொட்டியில போடுறேன். அவன்தான் ஒரு சொட்டும் வெளிய போவாதுன்னு எழுதி வச்சிருக்கான். இங்க வரலன்னா நான் பொய்க்காரி, ஊரு முன்னால அவன் கால்ல வுழுறேன்."

"வந்துச்சின்னா?"

"வந்துச்சின்னா, இத்தன நாளா நாம குடிச்சது அதான்னு ஆச்சி."

சாதிகா விரலை மடக்கி எத்தனை நாளுக்குத் தண்ணீர் வேண்டும் என்று எண்ணினாள். பிறகு எழுந்து தெருவுக்குள் போனாள். மோட்டார் கோளாறு, சில நாளைக்குத் தண்ணி வராது, இருக்கிற பாத்திரமெல்லாம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள் என்று வீடு வீடாகச் சொல்லிவிட்டு வந்தாள். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, தண்ணீர் தெளிவாக வந்தது. குடம், அண்டா, குளிக்கிற டிரம், பால் கேன், ஒரு வீட்டில் குக்கர்கூட நிரம்பியது. ஏன் என்று யாரும் கேட்கவில்லை. தண்ணீர் வராது என்றால் காரணம் கேட்காத பழக்கம் எங்களுக்குச் சின்ன வயதிலேயே வந்துவிடும்.

திங்கட்கிழமை ஷிஃப்ட் முடிகிற நேரத்தில் விருத்தாம்பாள் டின்னைக் கழுவுத் தொட்டியில் கவிழ்த்தாள். தண்ணீர் ரத்தமாகிவிட்டது என்றாள். இடுப்பிலிருந்து சாவியை எடுத்து வால்வைத் திறந்தாள். தொட்டி காலியாகிற வரைக்கும் நின்றாள்.

மறுநாள் சாதிகா மோட்டாரைப் போட்டு வெள்ளைப் பீங்கான் கிண்ணத்தில் பிடித்துப் பார்த்தாள். தெளிவாக இருந்தது. மத்தியானமும் தெளிவு. அதற்கு மறுநாளும் தெளிவு. எப்போதும் தெரிகிற அந்த லேசான நிறம்கூட இல்லை. சாயங்காலம் விருத்தாம்பாள் என் வீட்டுக்கு வந்தாள். ஒருவேளை தான்தான் தப்போ, ஒன்றுமே இல்லாததற்கு ஊரைக் கூட்டிவிட்டோமோ என்று என்னிடம் கேட்டாள். கம்பெனியில் டின் காணோம் என்று பிரவீன்குமார் தேட ஆரம்பித்திருந்தான். பிரபா அலமாரி மேலிருந்த பையை இறக்கிக் கட்டில்மேல் வைத்தாள்.

வியாழக்கிழமை காலை சாதிகா போட்ட சத்தத்தில்தான் தெரு எழுந்தது. தெருக் குழாயில் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. பன்னீர் ரோஜாவின் நிறம் இல்லை, ரோஸ் மில்க்கின் நிறம் இல்லை. மஞ்சள் நீராட்டுக்கு ஆரத்தி கரைப்போமே, அந்தச் சிவப்பு. குழாயடிச் சிமெண்டில் அது தெறித்து ஓடியது. பெண்கள் ஒவ்வொருவராக வந்து நின்று பார்த்தார்கள். தாங்கள் குடித்ததை, சமைத்ததை, பிள்ளைகளுக்கு ஊற்றியதைக் கண்ணால் பார்த்தார்கள். பிறகு ஒருத்தி குனிந்து குடத்தை வைத்தாள். நிரம்பியதும் அடுத்தவள் வைத்தாள்.

எங்கள் பக்கத்தில் காலிக்குடத்தோடு மறியல் நடப்பது சாதாரணம். நிறைகுடத்தோடு ஒரு மறியல் அன்றைக்குத்தான் நடந்தது. குடங்களை அர்ச்சுனன் கம்பெனி கேட்டுக்கு முன்னால், பச்சைப் பலகைக்குக் கீழே வரிசையாக வைத்தோம். உள்ளே இருந்து அர்ச்சுனன் குரல் வந்தது. சக்கரபாணியிடம் கேட்டை மூடச் சொன்னார். சக்கரபாணி மூடினார். மூடிவிட்டு, வெளிப்பக்கம் நின்றார்.

போலீஸை யார் கூப்பிட்டது என்று கேட்டால், அர்ச்சுனன்தான். ஒரு லேடி எஸ்.ஐ. வந்தார். அதற்குள் காலி டின் கிடைத்துவிட்டது. அர்ச்சுனன் அதைக் கையில் வைத்துக்கொண்டு, அன்றைக்கு முதல்முறையாகக் கத்தினார்.

"இந்தப் பொம்பள ஒரு டின்னு பொடிய என் தொட்டியில கொட்டியிருக்குது மேடம். தெருவுக்கே வெஷம் வச்சிருக்குது. கொழந்தைங்க குடிக்கிற தண்ணி. மொதல்ல இவள ஜீப்புல ஏத்துங்க."

எஸ்.ஐ. குடங்களைப் பார்த்தார். பலகையைப் பார்த்தார். நிதானமாகக் கேட்டார்.

"உங்க தொட்டியில கொட்டுனது இவங்க தெருக் குழாய்ல எப்படிங்க வந்துச்சி?"

அர்ச்சுனன் காலி டின்னின் மூடியை எடுத்தார். மூடினார். பிரவீன்குமார் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

விருத்தாம்பாள் முன்னால் வந்தாள். முந்தானையை இடுப்பில் செருகியிருந்தாள். "நான்தாங்க போட்டேன். போட்டது அங்க. வந்தது இங்க. நடுவுல என்னா இருக்குதுன்னு அவரக் கேளுங்க."

கதை இதோடு முடிந்திருந்தால் நன்றாக இருக்கும். அன்று மத்தியானமே அதிகாரிகள் வந்தார்கள். பின்பக்கம் போனார்கள், சாக்கைத் தூக்கினார்கள், போட்டோ எடுத்தார்கள். விளக்கம் கேட்டு அர்ச்சுனனுக்கு நோட்டீஸ். பதில் சொல்ல அவகாசம் உண்டு. விருத்தாம்பாள் மேல் தண்ணீரை அசுத்தப்படுத்தியதாகப் புகார். அவள் வேலை அன்றே போனது. அப்புறம் ஒரு பூட்டையும் அரக்கையும் எடுத்துக்கொண்டு வந்து சீல் வைத்தார்கள். கம்பெனிக் குழாய்க்கு இல்லை. எங்கள் மினி டேங்குக்கு. 'குடிக்க உகந்ததல்ல' என்று எழுதி ஒட்டினார்கள். போன மாதம் உகந்தது என்று எழுதிய அதே கை. உங்க பாதுகாப்புக்குத்தாம்மா என்று சொல்லிவிட்டுப் போனார்கள். கம்பெனிக்குள் மில் ஓடிக்கொண்டேதான் இருந்தது. அந்தச் சத்தம் எங்கள் தெருவில் எல்லாருக்கும் கேட்டது.

சீல் வைத்த பூட்டை விருத்தாம்பாள் தொட்டுப் பார்த்தாள். பிறகு கம்பெனிப் பின்சுவர்ப் பக்கம் நடந்தாள். நாங்கள் பின்னால் போனோம். உடைந்த ஃப்யூஸ் கேரியர் குவியலிலிருந்து இரண்டு கையாலும் அள்ளினாள். போர்க் குழிச் சாக்கை விலக்கி உள்ளே போட்டாள். பீங்கான் இடித்துக்கொண்டு இறங்குகிற சத்தம் போய்க்கொண்டே இருந்தது. சாதிகா அள்ளினாள். நான் அள்ளினேன். கூடைகள் வந்தன. எங்கள் தெருப் பெண்கள் முக்கி, துடைத்து, உடைந்துபோனதற்குத் திட்டு வாங்கிய சாமானெல்லாம் அதற்குள் போயிற்று.

பீங்கான் மட்டும் போட்டால் தண்ணீர் இடுக்கில் இறங்கிவிடும் என்று யாரோ சொன்னார்கள். அப்போது சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஈரமண் கேக்கு ஒன்று பொத்தென்று வந்து விழுந்தது. அப்புறம் இன்னொன்று. வரிசையாக விழுந்தன. பிரஸ் செக்‌ஷனில் அன்று வேலையில் இருந்தது யார் யார் என்று எங்களுக்குத் தெரியும். எறிந்தது யார் என்று இதுவரை யாரும் சொல்லவில்லை. மண்ணைப் பிசைந்து, உருட்டி, குழிக்குள் தள்ளி, சாய்ந்து கிடந்த வேப்பங்கன்றுக் குச்சியாலேயே குத்திக் குத்தி இறுக்கினோம். வாய் வரைக்கும் அடைத்து, மேலே ஸ்பாஞ்சால் துடைத்தமாதிரி வழவழவென்று விருத்தாம்பாள் கையால் தடவி முடித்தாள். சாமானுக்கு அடி துடைத்த கை.

வால்வுச் சாவி அவள் இடுப்பிலேயே இருந்தது. கேட்கிற தைரியம் யாருக்கும் வரவில்லை. அன்று ஷிஃப்ட் முடிந்ததும் பிரவீன்குமார் ஸ்பேனரைப் போட்டு வால்வைத் திருகியிருக்கிறான். தண்ணீர் போனது. போன இடத்தில் வழி இல்லை. குழாய் பூராவும் நிரம்பி, வந்த வழியே திரும்பி, கிளேஸ் செக்‌ஷனுக்குள் ஜாயிண்ட் தெறித்துக்கொண்டது. ரோஸ் தண்ணீர் தரையெல்லாம் பரவி, காய வைத்த சாமான் அடுக்குக்கு அடியில் புகுந்து, ஆபீஸ் கதவுக்குக் கீழே நுழைந்து, கேட்டைத் தாண்டி ரோட்டுக்கு வந்தது. ஒரு சொட்டும் வெளியே போகாது என்ற பலகைக்கு நேர் கீழே அது தேங்கி நின்றது.

தெருவே கேட்டுக்கு முன்னால் நின்று பார்த்தது. பிரபா குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தாள். டேங்கர் லாரி வருமா வராதா என்று தெரியவில்லை, பெண்ணாடத்திலிருந்து அவள் புருஷன் வேறு வந்து நின்றான். கிளம்பலாமா என்று அவன் கேட்டதற்கு, அந்த மொதலாளி ஊத்துன தண்ணிக்கு நான் எதுக்கு ஊர விட்டு ஓடணும், நீ போயி ரெண்டு கேன் வாங்கியா என்று சொல்லிவிட்டாள்.

விருத்தாம்பாள் பலகையில் இருந்த வட்ட அம்புக்குறியை அண்ணாந்து பார்த்தாள். அதன் வாலிலிருந்து முனை வரைக்கும் காற்றில் விரலால் ஒரு சுற்றுச் சுற்றினாள். நகக்கண்ணில் ரோஸ் அப்படியே இருந்தது.

"இப்பதான் ஒழுங்கா சுத்துது" என்றாள்.